கம்பளத்தில் இரண்டு குழி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். முதல் காரணம், எனக்கு எழுத வராது. எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், அர்ச்சனைக்குக் கொடுக்கிற பெயர் நட்சத்திரமும்தான். இரண்டாவது காரணம்தான் பெரியது. இது எங்கள் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றியது. அவர்கள் வேதக்காரர்கள். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். அவர்கள் சபையில் சாட்சியாகச் சொல்லிவரும் ஒரு விஷயத்தில் நான் போய்க் கை வைத்தால் அந்தத் தாய்க்கே பொறுக்குமா என்று பயம். சாமி விஷயத்தில் ஒருவர் மனசை இன்னொருவர் நோகடிக்கக் கூடாது.

ஆனால் போன மாதம் அந்தச் சாட்சி என் போனுக்கே வந்துவிட்டது. யாரோ யாருக்கோ அனுப்பி, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் என் நாத்தனார் வழியாக வந்தது. எங்கள் ஊர் ஆரணி இருந்தது, கம்பளம் இருந்தது, அதில் முழங்கால் பதிந்த குழி இருந்தது. புதிதாக ஒரு வெளிச்சமும் மல்லிகை வாசனையும் சேர்ந்திருந்தன. அக்கா மட்டும் இல்லை. படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. தெருவில் அவளுக்கு மூடியக்கா என்று பெயர். அவளுக்கும் அது தெரியும்.

எதையும் திறந்து வைக்க அவளுக்குப் பிடிக்காது. டிவிக்கு உறை, உறைக்கு மேலே ஒரு பழைய துண்டு. ரிமோட் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும். சானல் மாற்ற வேண்டுமென்றால் நகத்தால் குத்த வேண்டும். மிக்சிக்குப் பாவாடை தைத்துப் போட்டிருந்தாள். தண்ணீர்க் குடத்துக்கு ஒரு தட்டு, தட்டின் மேல் டம்ளர், டம்ளருக்கும் ஒரு மூடி. ஒரு நாள் என் மாமியார் தாகத்தோடு அவள் வீட்டுக்குப் போய்விட்டு, "ஏம்மா, உன் வூட்ல ஒரு வாய் தண்ணி குடிக்கணும்னா பூட்டை ஒடைக்கிற திருடன் மாதிரி இல்ல பூரணும் போலகீது" என்றார்.

"குடிச்சிட்டு திரும்ப மூடி வெச்சிட்டுப் போங்க அத்தை, போதும்" என்றாள் அக்கா.

சேவூரில் தறி வீட்டில் பிறந்தவள். நெய்த பட்டை நெய்ய நெய்ய வெள்ளைத் துணி போட்டு மூடிக்கொண்டே வருகிற வீடு. சின்ன வயதில் தோசை தின்ற கையோடு தறிப் பக்கம் போய், அப்பாவிடம் வாங்கிய அறையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் வலது காதைத் தொட்டுக்கொள்வாள். "தூசி எங்கேர்ந்து வருதுன்னு யாருக்குத் தெரியும்? மூடிட்டா எங்கேர்ந்து வந்தா இன்னா?" என்பாள். அவள் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு அதுதான்.

அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். களம்பூரில் அரிசி மில்லில் வேலை. மூட்டை தூக்கித் தூக்கி அகன்ற உடம்பு. பேச்சு குறைவு. விடியற்காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னால் ஹாலில் முழங்கால் போட்டு ஜெபம் செய்வார். வாசலில் நான் கோலம் போடும்போது ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரியும். ஒரு சத்தம் வராது. சிமெண்ட் தரையில் மண்டி போட்டுப் போட்டு அவர் முட்டி கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. வண்டியில் கம்பளம் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக விற்க வந்த வடநாட்டு ஆளை நிறுத்தி, பேரம் பேசி ஒன்று வாங்கினாள். மெரூன் நிறம், முழுக்க ரோஜாப்பூ. கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும்.

"ஹாலுக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"அவரு முட்டிக்கு" என்றாள்.

அக்காவுக்கே மூட்டுத் தேய்மானம் இருந்தது. மண்டி போடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவள் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபம் செய்வாள். ஒரு நாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மாமா தெனம் தெனம் அப்படி இன்னாதான்கா வேண்டிக்கிறாரு?" என்று கேட்டேன்.

"கேட்டா சிரிக்கிறாரு. உனக்குத்தான்றாரு. எனக்கு இன்னா கொறைச்சல்னு நானும் அதுக்கு மேல கேக்கல."

வருடம் போகப் போகக் கம்பளத்தில் அவர் முழங்கால் படுகிற இடம் பள்ளமாகிவிட்டது. நூலெல்லாம் படுத்து, இரண்டு குழி. இடது குழி ஒரு பெரிய ரோஜாவின் மேல். வலது குழி அதற்குப் பக்கத்தில் தனியாக நிற்கிற ஓர் இலையின் மேல். அகலமான குழிகள். என் உள்ளங்கையை விரித்து வைத்தாலும் ஓரம் மீதி இருக்கும்.

ஒரு நாள் மாமா மில்லிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "கொஞ்சம் தண்ணி குடு" என்று உட்கார்ந்தார். அக்கா டம்ளர் மூடியை எடுத்துத் தண்ணீரை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

அழுது முடித்து, சபைக்காரர்கள் வந்து போவதும் குறைந்த பிறகு ஒரு நாள் போனேன். ஹாலில் இரண்டு சின்ன மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து வைத்திருந்தாள், கோழிக் குஞ்சை மூடி வைப்பது போல. நான் கேட்பதற்கு முன்பே அவள் ஒரு கூடையைத் தூக்கினாள். கீழே அந்தக் குழி.

"கை வெச்சிப் பாரு. இப்பத்தான் எழுந்து போன மாதிரி இல்ல?"

வைத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அதன் பிறகு அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கூடையைச் சுற்றித்தான் நடந்தார்கள். தெரியாமல் இடறியவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். என் கொழுந்தன் ஒரு தடவை இடறிவிட்டு, "இன்னாக்கா, உள்ள கோழி கீதா?" என்று கேட்டான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அவள் மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை. அம்மாவின் முட்டிக்குப் பழைய கக்கூசு ஆகாது, வெஸ்டர்ன் போட வேண்டும் என்று ஆரம்பித்தான். அப்படியே ஹாலுக்கு டைல்ஸ், மேலே சீலிங், புது பெயிண்ட் என்று வேலை வளர்ந்துவிட்டது.

"வூட்டையே இடிச்சிக்கோடா. கம்பளத்துக்கு ஒன்னும் ஆவக் கூடாது" என்றாள் அக்கா.

"அம்மா, கார்ப்பெட்டை எங்கூட பெங்களூர் எடுத்துகினு போய் வெச்சிருந்து கொண்டாறேன்."

"காருக்கு மேல கட்டிகினு போவியா? மழை வந்தா?"

நான் எங்கள் வீட்டில் வைக்கச் சொன்னேன். "உன் வூட்ல தறிக்குப் பாவு நூலு விரிச்சிருப்பீங்க. ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்து எடுத்து மாத்தி வெப்பீங்க. வாணாம்" என்றாள். கடைசியில் மாடியில் இருந்த தகரக் கொட்டகைதான் சரி என்று முடிவு செய்தாள். அங்கே இடிக்கிற வேலை இல்லை, யார் காலும் படாது.

அவள் அதைக் கட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். பட்டைச் சுற்றுவது போலவே சுற்ற வேண்டும் என்பது அவள் எண்ணம். மாமாவின் வேட்டிகளை பீரோவிலிருந்து எடுத்தாள். மடித்து வைத்த துணியில் தூசி இருக்கும் என்று எல்லாவற்றையும் துவைத்தாள். துவைத்ததை வெயிலில் போடவில்லை. பட்டு சுற்றுகிற துணி வெயிலில் காய்ந்தால் மொடமொடவென்று ஆகி நூலைப் பிடித்து இழுக்கும், நிழலில்தான் காய வேண்டும் என்பது அவள் அப்பா வீட்டு வழக்கம். வேட்டிகள் தாழ்வாரத்தில் நிழலில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே டைல்ஸ் மேஸ்திரி ஆட்களோடு வந்துவிட்டார். சேத்துப்பட்டுக்காரர், வாய் ஓயாத மனிதர்.

"ஜல்தி ஆவட்டும்மா. தரைய ஒடைக்க ஆரம்பிச்சா தூசி நமக்காக நின்னுகினு இருக்காது."

அக்கா வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் சில்லென்று இருந்தது. காய்ந்துவிட்டது என்று அவளே சொல்லிக்கொண்டாள். குழி விழுந்த பக்கம் உள்ளே இருக்கும்படி கம்பளத்தைச் சுருட்டினோம். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. வேட்டிகளைச் சுற்றினாள். அதற்கு மேல் டைல்ஸ் மூட்டையோடு வந்த கெட்டி பிளாஸ்டிக் தாள். அதற்கு மேல் காற்றுக்கூடப் போகாதபடி டேப்.

மேஸ்திரி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னாம்மா, இவ்ளோ பேஜாரு எடுத்துக்கிறீங்க? இதுக்கு நீங்க புதுசே ஒன்னு வாங்கலாமே" என்றார்.

"புதுசுல அவரு இருக்க மாட்டாரே" என்றாள் அக்கா. அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அது கத்திரி வெயில் காலம். தகரக் கொட்டகைக்குள் கால் வைத்தால் அடுப்புக்குள் போன மாதிரி இருக்கும். கீழே வேலை இழுத்துக்கொண்டே போனது. டைல்ஸ் பற்றாமல் நின்றது, பெயிண்டர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனார். அக்கா மட்டும் முட்டி வலியோடு படியைப் பிடித்துப் பிடித்து மேலே போவாள். கம்பளக் கட்டை வெளியிலிருந்து தடவிப் பார்த்துவிட்டு இறங்கி வருவாள். "ஒன்னும் ஆவல. ஒரு பொட்டு சிமெண்டு ஒட்டல" என்பாள். அந்த முகத்தில் அத்தனை நிம்மதி.

வேலை முடிந்து, வீட்டுக்கு ஜெபம் வைக்கிற நாளுக்கு முன்னால் கம்பளத்தைக் கீழே இறக்கினார்கள். மகன் டேப்பை அறுத்தான். தாளைப் பிரித்ததும் புட்டுக் குழலைத் திறந்த மாதிரி வெதுவெதுவென்று ஒரு ஆவி வந்தது. வேட்டிகள் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தன. உருட்டி விரித்தார்கள்.

தூசி இல்லை. கறை இல்லை. பூச்சி இல்லை. ரோஜாக்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வாங்கியது போல நிமிர்ந்து நின்றன.

"சூப்பர்ம்மா! புதுசு மாதிரி கீது" என்றான் மகன்.

மேஸ்திரியும் குனிந்து தடவிப் பார்த்தார். "உள்ள துணி ஈரம், மேல தகரச் சூடு. ஆவி புடிச்சி நூலு மொத்தமும் எழுந்து நின்னுக்கிச்சி. நல்லா மூடினீங்கம்மா."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டிப் பெரிய ரோஜாவைத் தடவினாள். சமமாக இருந்தது. பக்கத்து ரோஜாவைத் தடவினாள். இலையைத் தடவினாள். பிறகு தலையைத் தூக்கி, "திருப்பிப் போடுங்கப்பா. தலைமாடு கால்மாடா போட்டுட்டீங்க" என்றாள்.

திருப்பிப் போட்டார்கள். அவள் மறுபடியும் ஒவ்வொரு பூவாகத் தடவிக்கொண்டே போனாள். நான் அங்கே நிற்க முடியாமல், அடுப்பில் பால் வைத்திருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜெபத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கம்பளத்தைத்தான் பார்த்தார்கள். "பழசேதானா? உங்க விசுவாசத்துக்குக் கம்பளம்கூட புதுசாயிட்ச்சே அக்கா!" என்று ஒரு அம்மா கையைத் தட்டினார். ஒருவர் ஸ்தோத்திரம் என்றார், எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அக்கா சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் டீ கொடுத்தாள். அந்த டம்ளர்களுக்கு மூடி இல்லை. அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

அதன் பிறகு அவள் எதையுமே மூடவில்லை. டிவி உறை போனது, மிக்சிப் பாவாடை போனது, குடம் திறந்து கிடந்தது. நான் ஒரு தட்டை எடுத்து மூடப் போனேன். "வாணாம், வுடு. மூடித்தானே போச்சி" என்றாள்.

மகன் ஊருக்குப் போனதும் ஒரு விடியற்காலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் டக் டக் என்று கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. கோலமாவைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். அக்கா கம்பளத்தின் மேல் மண்டி போட்டிருந்தாள்.

"ஐயோ, இன்னாக்கா இது! டாக்டர் இன்னா சொன்னாரு?"

"கத்தாத. போட்டுட்டேன், எழுந்துக்க வரல. தூக்கி வுடு."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். வலியில் என் தோளைக் கடிக்காத குறை. எழுந்து நின்றதும் முதல் வேலையாகக் கீழே குனிந்து பார்த்தாள். பெரிய ரோஜா லேசாகப் படுத்திருந்தது. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு நான் கிளம்புவதற்குள் அந்த நூல் மறுபடியும் நிமிர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் அதுதான். கோலம் போட்டு முடிப்பேன், சுவரில் தட்டுவாள், போய்த் தூக்குவேன். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன்.

"பையன்கிட்ட சொல்லிடாதடி. முட்டிக்குன்னு கக்கூசு கட்டிக் குடுத்தா, நீ முட்டி போட்டுகினு கீறியான்னு வைவான்" என்பாள்.

இன்னொரு நாள், "அவரு மூட்டை தூக்கின ஆளு. நான் பஞ்சு. எங்கேர்ந்து பள்ளம் வுழும்? நீ கொஞ்சம் என் தோள்ல அமுக்கேன்" என்றாள். விளையாட்டு என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. பின்னால் நின்று இரண்டு கையாலும் அவள் தோளை அமுக்கினேன். எலும்பு என் கையில் தட்டுப்பட்டது. "இன்னும்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்குத் தெரியக் கூடாது என்று மூக்கை உறிஞ்சாமல் நின்றேன்.

அவள் ஜெபம்தான் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் தூக்கிவிடும்போது, "மாமா வேண்டின மாதிரி நீயும் வேண்டிகினியாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லடி. அவரு இன்னா வேண்டினாருன்னே எனக்குத் தெரியாது. நான் ஒன்னும் வேண்டல. சும்மா அழுத்திகினு கீறேன்."

அது ஜெபமா இல்லையா என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. எங்கள் கோயிலில் உருள்தண்டம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தீ மிதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தில் இருந்தது அதுதான்.

மெல்ல மெல்ல நூல் எழுந்திருப்பதை நிறுத்தியது. பெரிய ரோஜாவின் மேல் ஒரு சின்னப் பள்ளம் நின்றது. வலது முட்டிதான் பிரச்சினை. மாமாவுக்கு அகன்ற உடம்பு, அவர் கால் இலை வரைக்கும் போகும். அக்கா எவ்வளவு அகட்டி வைத்தாலும் இலையைத் தொட முடியவில்லை. ரோஜாவுக்கும் இலைக்கும் நடுவில்தான் அவள் முட்டி விழுந்தது, பள்ளமும் அங்கேதான் நின்றது. அந்த இடத்தைக் காட்டி, "பாரு, ஒரு பூ தூரம் கூட எட்ட மாட்டேங்குது" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள். அவர் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

ஒரு விடியற்காலை நான் கோலத்தை முடித்துவிட்டேன். சுவரில் சத்தம் வரவில்லை. காவி பூசினேன், வரவில்லை. வாசலில் நின்றபடி அம்மனை நினைத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன். கட்டிலில் படுத்திருந்தாள். தூக்கத்திலேயே போயிருந்தாள். போர்வை கால்மாட்டில் மடித்தபடி இருந்தது. அதைக்கூட மூடிக்கொள்ளவில்லை.

கூட்டம் வந்தது. நாற்காலி போட வேண்டும், கம்பளத்தைச் சுருட்டுங்கள் என்றார் ஒருவர். நான் போய் அந்த ரோஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அடக்கத்துக்கு எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு இவ்வளவு துக்கமா என்று பேசிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து வந்த பிறகுதான் மகன் அதைப் பார்த்தான். கீழே விழுந்து தடவினான். "சித்தி! அப்பா முட்டி! அப்பா முட்டி திரும்ப வந்திருக்கு சித்தி!" என்று கதறினான். சபைக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மறைந்துபோன தடம், யாரும் தொடாமல், தானாகவே திரும்பி வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். ஜெபித்தார்கள். அம்மா செத்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. நான் எப்படி வாயைத் திறப்பேன்? அவனிடம் சொல்லாதே என்று அவளே கேட்டிருந்தாள். கம்பளம் பெங்களூர் போய்விட்டது. அங்கே சுவரில் மாட்டியிருப்பதாகப் போட்டோ அனுப்பினான். இப்போது அந்தச் சாட்சியோடு சேர்ந்து சுற்றுவதும் அதே போட்டோதான்.

இப்போது சொல்கிறேன். வைவதற்கு அவனும் வைய மாட்டான், வாங்கிக்கொள்ள அவளும் இல்லை. அது தானாக வரவில்லை தம்பி. அது அப்பாவின் முட்டி இல்லை. உன் அம்மா தினமும் வலியோடு அழுத்தியது. தூக்கிவிட்டவள் நான். ஆண்டவர் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர் செய்திருந்தால் அவள் முட்டியை வைத்துத்தான் செய்தார். அவளை எடுத்துவிட்டு அதைச் சொல்லக் கூடாது.

படிக்கிறவர்கள் யாருக்காவது அனுப்புவதானால் இதை இப்படியே அனுப்புங்கள். வெளிச்சம் சேர்க்க வேண்டாம், வாசனை சேர்க்க வேண்டாம். அவள் ஒன்றும் வேண்டவில்லை என்று சொன்னதை எடுத்துவிட வேண்டாம். சந்தேகம் வந்தால் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலது குழி இலையின் மேல் இல்லை. இலைக்கு எட்டாமல், ரோஜாவை ஒட்டி நிற்கிறது.